என்ரை ரத்தத்தைத் தொடாதை

அக்கா இறந்தபோது அவளுடைய மகளுக்கு நான்கு வயது. அத்தான் முதலே போய்விட்டார். இருவருக்கும் எச்.ஐ.வி. பிள்ளைக்கும் இருந்தது. அவளை இணுவிலுக்கு, என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அக்காவுக்குக் காசநோய் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். நாளும் மாத்திரையைக் கையில் கொடுத்து, பிள்ளையிடம், "உனக்கு ரத்தம் குறைவு, அதுக்குத்தான் குளிசை" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன்.

எனக்கு நோயைவிட ஊரை நினைத்துத்தான் பயம். என்னைக் கண்டு யாராவது கதையை நிறுத்தினாலே பிறகு அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ரீச்சர் போன் எடுத்தா.

"பிள்ளை விழுந்து முழங்கால் கிழிஞ்சு போச்சு. ஒருத்தரையும் கிட்ட விடுறாளில்லை. உடனை வாங்கோ."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வலைப்பந்துத் திடலில், வெள்ளைச் சட்டையால் காயத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அவளுடைய சிநேகிதி ரத்தத்தைத் துடைக்க லேஞ்சியோடு குனிய, "தொடாதை! என்ரை ரத்தத்தைத் தொடாதை!" என்று கத்தினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவளுக்குத் தெரியும்.

"ஏன் இப்பிடிக் கத்துறாள்?" என்று ரீச்சர் கேட்டா.

"ரத்தத்தைக் கண்டா பயம், ரீச்சர்." காயத்தை நானே கட்டினேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் கேட்டேன். "எப்ப தெரியும்?"

"போன வருசம். குளிசையிலை இருந்த எழுத்தைப் போனிலை அடிச்சுப் பாத்தனான்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்கள் அழுவியள்." பிறகு மெல்லக் கேட்டாள். "சித்தி, நானும் அம்மா மாதிரிச் செத்துப்போவனோ?"

அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஒழுங்காகக் குளிசை போட்டதால் இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, படிக்கலாம், கலியாணம் கட்டலாம், பிள்ளையும் பெறலாம் என்று டொக்டர் அவளுக்கு விளங்கப்படுத்தினா. அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப என்ரை சிநேகிதிக்கு ஒண்டும் வராதே?"

"வராது, பிள்ளை."

பஸ்ஸில் வரும்போது, "அவளிட்டைச் சொல்லப்போறன்" என்றாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு கொஞ்ச நாள் அந்தச் சிநேகிதிப் பிள்ளை எங்கள் பக்கம் வரவேயில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் யன்னலைச் சாத்தினேன். ஒரு பின்னேரம் வாசல் படலையில் அந்தப் பிள்ளையின் குரல். "அன்ரி, இவள் நிக்கிறாளே? ரியூசனுக்கு நேரமாச்சு."

இருவரும் ஒன்றாகச் சைக்கிளில் போனார்கள். இன்றும் அப்படித்தான் போகிறார்கள். அந்தப் பிள்ளை தன் தாயிடம் சொன்னாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கேட்கப் பயம்.