ரூ காயில் ஒரு பிரபுக்கள் கலகம்

2014, வியாழக்கிழமை காலை 11.20. எல்லாம் பிசகத் தொடங்கியது அப்போதுதான். பாரிஸ் விமான நிலையத்தில் என்னை அழைக்க வந்த மகள் யாழினி சொன்னாள்: "வில்லியே லே பெல் கிட்டத்தானே, அம்மா. சின்ன மாமாவுக்கு இப்பவே கலியாணக் கார்டைக் குடுத்திட்டுப் போவம்." சின்னண்ணை வீடு வழியில்தானே என்று தலையாட்டினேன்.

மாலை 3.10. ரயிலில் கார் து நோர் நிலையத்துக்கு வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நடந்தோம். அங்கே ரூ காய் என்ற தெருவில் பெரியண்ணையின் மளிகைக் கடை. வாசலில் வல்லாரைக் கட்டுகள், முருங்கைக்காய்ப் பெட்டிகள். சனிக்கிழமை நகரசபையில் யாழினியின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க இருந்தவர் அவர். நான் நீட்டிய கார்டை வாங்கவில்லை.

"தம்பி வீட்டுச் சாப்பாடு நல்லமோ?"

"வழியிலை இருந்தது, பெரியண்ணை."

"ஓம், ஓம். நான் மூத்தவன் எண்டு ரயிலுக்குத் தெரியாதுதானே. சனிக்கிழமை எனக்குக் கடையிலை வேலை கிடக்கு."

கார்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இரவு சின்னண்ணை தொலைபேசினார்: "அண்ணை வராமல் நான் வந்தால் சனம் என்ன சொல்லும்?"

யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவள் நான். 1569இல் டியூடர் அரசிக்கு எதிராக வடக்கு இங்கிலாந்துப் பிரபுக்கள் இருவர் கிளர்ந்தெழுந்ததற்கு, மதம் என்று மட்டும் எழுதும் மாணவருக்குப் பாதிப் புள்ளிதான் போடுவேன். பரம்பரையாகப் பார்த்த எல்லைக் காவலை அரசி மற்றவர்களுக்குக் கொடுத்தாள். அந்த மனத்தாங்கலையும் எழுதவேண்டும். இத்தனை படிப்பித்தும், எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதில் கோட்டைவிட்டேன் என்று அன்றிரவு யாழினியிடமும் சொன்னேன்.

சனிக்கிழமை 10.50. ஒன்று எழுபது யூரோ டிக்கெட்டில் நான்காம் இலக்க மெத்ரோ ரயிலில் இரண்டு நிறுத்தம் போய், பத்தாம் வட்டார நகரசபைக்கு வந்து சேர்ந்தோம். பதிவு 11.30க்கு. மாப்பிள்ளை பக்கம் முப்பது பேர். எங்கள் பக்கம் நான் மட்டும். மாப்பிள்ளையின் நண்பர் கையெழுத்திட முன்வந்தார். யாழினி மறுத்தாள்.

"எனக்கெண்டு ஒரு ஆளாவது வரவேணும்," என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கடை பிரபுக்கள் எங்கை நிக்கினம், அம்மா?" என்று சிரிக்கப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கலகத்தில் பிரபுக்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். தூக்கில் தொங்கியவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்குப் பின்னால் போன சாதாரண சனம். படிக்கட்டுக்கும் வாசலுக்கும் எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது.

11.24. அலுவலர் வந்து பெயர் கூப்பிட்டார். அதே நேரம், பட்டுச் சேலைக்கு மேல் கடைக் குளிர்ச்சட்டையோடு, மூச்சு வாங்க ஒருத்தி படியேறி வந்தாள். பெரியண்ணையின் மனைவி. கையில் நான் வைத்துவிட்டு வந்த கார்டு.

"அவர் வரேல்லை, மச்சாள். ஆர் முதல் வெளிக்கிடுறதெண்டு தம்பியோடை போனிலை நிக்கிறார். கார்டிலை திருவுக்குப் பக்கத்திலை திருமதியும் கிடக்குதுதானே? எங்கை, பேனையைத் தாங்கோ."