கேமரா காட்டிய ஊதா நிறம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சாம்பிள் படம் எடுப்பது என் தொழில். என் பழைய டிஜிட்டல் கேமராவை மாற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சமயம், ஒரு கறுப்பு பாலியஸ்டர் டி-ஷர்ட் படத்தில் ஊதாவாக விழுந்தது. துணியைப் பார்க்காமலே, "சாயம் சரியில்லைங்க" என்று கம்பெனி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் சாய மாஸ்டரை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்த வாரம் கேமரா கடையில் என் கறுப்புக் குடையைப் பழையதிலும் புதியதிலும் எடுத்துப் பார்த்தேன். புதியதில் கறுப்பு, என்னுடையதில் அதே ஊதா. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது பிடித்துவிடுவதால் பாலியஸ்டர் மாதிரி செயற்கைத் துணியின் கறுப்பு ஊதாவாகத் தெரியும் என்றார் கடைக்காரர்.

மாஸ்டரைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "எல்லாரு முன்னாடியும் பேச்சு வாங்குனனுங்க. நீங்க எங்கிட்ட மட்டும் வந்து சொல்றீங்களே?" என்றார்.

மறுநாள் எல்லார் முன்னாலும், சாயத்தில் குறையில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். புதுக் கேமராவும் வாங்கியாயிற்று. ஆனாலும் துணியை வாசல் வெயிலில் விரித்துப் பார்க்காமல் இப்போதெல்லாம் வாய் திறப்பதில்லை.