பூட்டுக்காரர் வெளியே நிற்கிறார்

எங்கள் தெருவில் ஒரு செய்தி கிளம்பினால் அது முதலில் இஸ்திரிக் கடைக்குப் போய், நன்றாக மடிப்பு வைத்துக்கொண்டுதான் மற்ற வீடுகளுக்கு வரும். இதுவும் அப்படித்தான் வந்தது. பூட்டுக்காரரின் மனைவி தினமும் காலையில் அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்கிறாளாம். ஒரு கை விளங்காத மனுஷன் வாசலில் நின்று தவிக்கிறாராம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒரு பெண் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாளாம். சோறுகூட ஊட்டுவதில்லையாம், தட்டை எதிரே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம்.

ஒரே செய்தியில் இத்தனை ‘ஆம்’ இருந்தால் பாதியாவது பொய்யாக இருக்கும். அந்தப் பாதி எது என்று பார்க்கக் கிளம்பினேன்.

பூட்டுக்காரரைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு திருதிருவென்று விழிப்பது இந்தத் தெருவின் நாள்பட்ட வியாதி. வைத்தியர் அவர்தான். ஒரு கம்பியைத் துவாரத்தில் நுழைப்பார், எங்கேயோ பார்ப்பார், காதைக் கொஞ்சம் சாய்ப்பார், கதவு திறந்துவிடும். சும்மா போகமாட்டார். “இவ்வளவுதான் சார் உங்க பாதுகாப்பு” என்று வீட்டுக்காரரின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுத்தான் போவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். பக்கவாதம், வலது பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சு மெதுவாக வந்தது. கால் ஒரு கைத்தடியோடு சமாதானமாகிவிட்டது. வலது கை மட்டும் முறைத்துக்கொண்ட சம்பந்தி மாதிரி மடங்கி ஒதுங்கி உட்கார்ந்துவிட்டது.

அவர் மனைவி ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். லீவு போட்டு வீட்டிலிருந்து, அவருக்குப் பல் தேய்த்துவிட்டு, பட்டன் போட்டுவிட்டு, சோறு ஊட்டி, தலை வாரி, அவரைக் கைக்குழந்தையாகவே ஆக்கிவிட்டார். கம்பெனி மாதக் கடைசி வரைதான் பொறுக்கும். அதற்குள் பகல் முழுக்கத் தனியாக இருக்கப் பூட்டுக்காரரால் முடியாவிட்டால், வெளியூரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மைத்துனர் தங்கமானவர். “எங்க வீட்டுல மாமா ராஜா மாதிரி படுத்தே இருக்கலாம்” என்று போனில் சொல்லியிருக்கிறார். பூட்டுக்காரருக்கு அதைக் கேட்டுத்தான் குலை நடுங்கியது.

நான் போன நேரம், கதவு சாத்தியிருந்தது. வெளியே பூட்டுக்காரர், இடது கையில் சாவியோடு. அருகே ஆஸ்பத்திரிப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே ஜன்னல் வழியாக, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு மனைவி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வதந்தியில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அந்தப் பெண் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தெரு அவரைத் தெரபி மேடம் என்கிறது. கையைத் தூக்கு, மடக்கு என்று எண்ணிக்கொண்டிருப்பது தன் வேலை இல்லை என்றார். ஒரு மனுஷன் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்வானோ, அதையெல்லாம் மறுபடியும் அவனே செய்துகொள்ள வழி பண்ணுவதுதான் வேலையாம். முரண்டு பிடிக்கிற கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், நல்ல கை பிறகு. தட்டு நகராமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மனைவிக்கும் ஒரு பயிற்சி உண்டு. அவர் சாப்பிடும்போது தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பயிற்சி என்றார் மேடம்.

எல்லாவற்றிலும் பூட்டுக்காரர் தேறிவிட்டார், வெளியே போனால் தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதைத் தவிர. அது பழைய கதவு, மழையில் ஊறி உப்பிப் போனது. ஒரு கையால் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் மறு கையில் சாவி திரும்பும். இவருக்கு அந்த முதல் கைதான் இல்லை. கைப்பிடியில் ஒரு வார்ப்பட்டையை வளையமாகக் கட்டி, வலது முழங்கையை அதில் மாட்டிப் பின்னால் சாயலாமே என்று மேடம் சொல்லிப் பார்த்தார். பூட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“பூட்டுக்காரன் வீட்டுக் கதவுல வாரைக் கட்டித் தொங்கவிட்டா, ஊரே வாயால சிரிக்காது மேடம்.”

நான் திரும்பி வந்துவிட்டேன். சில நாட்களில் இஸ்திரிக் கடையிலிருந்து அடுத்த செய்தி வந்தது, அவர் திறந்துவிட்டாராம். மனைவி கடைக்குப் போகும்போது வாசலில் விட்டுவிட்டுப் போகிறார். திரும்பி வந்தால் மனுஷன் உள்ளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தினமும் இதே கதை. தெருவே சந்தோஷப்பட்டது. மேடமும் கைகொடுத்தார், இடது கையில்தான்.

மாதக் கடைசியில் பரீட்சை. மேடம் வந்தார். மைத்துனரும் வந்துவிட்டார், காருக்குள் ஒரு புது மெத்தையோடு. தெருவில் வேலையில்லாதவர்கள் எல்லோரும் கூடினோம். வேலையிருந்தவர்களும் கூடினோம்.

பூட்டுக்காரர் சாவியை நுழைத்தார். திரும்பவில்லை. உருவி மறுபடியும் நுழைத்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. மனைவியின் கை தன்னால் எழுந்து, தன்னால் அடங்கியது. கடைசியில் பூட்டுக்காரர் மெல்லத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

மாடி வீட்டு பென்ஷன்காரர் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். என்றைக்கோ அவசரத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவி அவர் விரலில் ஆடிக்கொண்டிருந்தது.

“நகருங்க, நான் திறந்துவிடறேன்” என்றார் சகஜமாக. “தினமும் நான்தானே.”

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மைத்துனர் காரின் பின்கதவைத் திறந்தார். நல்ல மனுஷன், மெத்தையைத் தட்டிச் சரிபண்ணக்கூட ஆரம்பித்துவிட்டார்.

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. பென்ஷன்காரரிடம் திரும்பி, “நீங்க பண்ணின உதவியாலதான் சார், இவரு இன்னைக்கு வீட்டை விட்டுப் போறாரு” என்றார். பென்ஷன்காரரின் முகம் செத்துப்போயிற்று. பாவம், பரோபகாரம் பண்ணி இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு மேடம் பையிலிருந்து அந்த வார்ப்பட்டையை எடுத்துக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, விலகி நின்று கைகளைக் கட்டிக்கொண்டார். பூட்டுக்காரர் வாரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மெத்தையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலது கையை இடது கையால் தூக்கி, முழங்கை வரை வளையத்துக்குள் விட்டார். நிதானமாகப் பின்னால் சாய்ந்தார். சாவி திரும்பியது.

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் தோன்றவில்லை.

அவர் தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அடுத்து, உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

“என்னங்க, நான் வெளிய நிக்கறேன்” என்றார் மனைவி.

“நான் எத்தனை நாள் நின்னேன்” என்று உள்ளேயிருந்து மெதுவாகப் பதில் வந்தது. “நீயும் கொஞ்சம் நில்லு. மாப்ள, மெத்தையை எடுத்துட்டுப் போய்டு.”

எல்லோரும் சிரித்தோம், மேடத்தைத் தவிர. அவர் முகம் வெளிறியிருந்தது. உள்தாழ்ப்பாளைத் திறக்கப் பழக்கவே இல்லையாம். கதவு, குளியலறை, அடுப்பு எல்லாம் யோசித்தவருக்கு அது மட்டும் தோன்றவில்லை. மேலே இருக்கிற தாழ்ப்பாள், பழைய இரும்பு, தட்டினால் விழுந்துவிடும், தூக்குவதுதான் கஷ்டம். மைத்துனர் கதவை உடைக்கலாமா என்றார். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம், ஏதோ ஒரு பாத்திரம் உருளும் சத்தம், பிறகு எதுவும் இல்லை. மனைவி கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கைத்தடியின் வளைந்த பிடி தாழ்ப்பாளில் மாட்டியிருந்தது.

“இவ்வளவுதான் மேடம் நம்ம பாதுகாப்பு” என்றார் பூட்டுக்காரர்.

இப்போது மனைவி கம்பெனிக்குப் போகிறார். பகலெல்லாம் பூட்டுக்காரர் தனியாக இருக்கிறார். தானே சாப்பிடுகிறார், தானே மூலைக் கடைவரை போய் டீ குடித்துவிட்டுத் தானே திறந்துகொண்டு உள்ளே போகிறார். வாரைப் பார்த்து யாராவது கேட்டால், புது மாதிரிப் பூட்டு, வெளிநாட்டிலெல்லாம் இதுதான் என்கிறார். நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

பென்ஷன்காரர் மட்டும் மனத்தாங்கலோடு இருக்கிறார். மாற்றுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களே என்பதற்காக இல்லை. அவருடைய இரும்பு பீரோவின் சாவி தொலைந்துவிட்டது. தினமும் கதவைத் திறந்துவிட்டதற்குப் பதிலாக, கை தேறியதும் பீரோவைத் திறந்து தருவதாக இருவருக்குள்ளும் பேச்சாம். அந்தப் பேச்சு பரீட்சை அன்றைக்கே ரத்து என்கிறார் பூட்டுக்காரர். பேச்சு பேச்சுதான் என்கிறார் பென்ஷன்காரர். வேறு ஆளைக் கூப்பிட ரோஷம் விடவில்லை. குளிர்காலம் வந்துவிட்டது, ஸ்வெட்டர் பீரோவுக்குள் இருக்கிறது. அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு மாடியிலிருந்து கீழ்க்கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.