விரிசல் பொறுக்காத கை

என் வீட்டுக்காரர் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார். சுவரில் மயிரிழை விரிசல் கண்டால் போதும், அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், மண்டபத்துச் சுவரைத்தான் பார்ப்பார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னால் ஊர் சிரிக்கும். அதனால் நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஊரில் பாதி விழுந்துவிட்டது. எங்கள் வீடு விழவும் இல்லை, ஒழுங்காக நிற்கவும் இல்லை. படுக்கையறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். இன்ஜினியரம்மா வந்து வாசலில் மஞ்சள் பெயிண்ட் அடித்தார். பச்சை என்றால் குடியிருக்கலாம், சிவப்பு என்றால் இடித்துவிடுவார்கள், மஞ்சள் என்றால் காத்துக் கிடக்க வேண்டியதுதான். பிறகு விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைச் சாந்தால் ஒரு பட்டை பூசினார்.

"இது வெடிச்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம்க்கா. வெடிக்கலைன்னா நீங்க திரும்பி வந்துடலாம். யாரும் தொடக் கூடாது."

அதை அப்படியே வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவர் சரி என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அன்றைக்கு அதை மறந்து தொலைத்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். பகலெல்லாம் வெந்தோம். புதுக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்ததால் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஊருக்கெல்லாம் சுவர் பூசிவிட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். பார்க்கட்டும் என்று விட்டேன். மகளுக்கு நிறை மாதம். பிள்ளையோடு வருகிறவளை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் என் ஒரே கவலை. அந்தப் படுக்கையறையில் ஜன்னலோரம் கட்டில் போடுவதாக மனதுக்குள் முடிவே செய்திருந்தேன்.

இன்ஜினியரம்மா மறுபடி வந்தபோது, அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் பட்டை வெடித்திருந்தது. எங்களுடையது மட்டும் வழவழவென்று இருந்தது.

"உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்க்கா" என்று சொல்லிவிட்டு, வாசலில் வைத்திருந்த பச்சை டப்பாவை எடுக்கப் போனார். சந்தோஷத்தில் நான் பட்டையைத் தடவினேன். கையில் ஈரம் ஒட்டியது.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"கீறல் விட்டிருந்துச்சு. அப்படியே விடச் சொல்றியா?"

"எத்தனை தடவை பூசினீங்க?"

"விட்டப்பல்லாம்தான்."

வாசலில் டப்பாவைக் குலுக்கும் சத்தம் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டால் வீடு எங்களுக்கு. கொஞ்ச நேரம் மூடிக்கொண்டுதான் நின்றேன். அப்புறம் மகளின் வயிறு கண்ணுக்குள் வந்தது. போய்ச் சொல்லிவிட்டேன். இன்ஜினியரம்மா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. சிவப்பு டப்பா வண்டியில் இருந்தது, போய் எடுத்து வந்தார்.

இடிக்கிற அன்றைக்கு, இயந்திரம் எங்கள் சந்துக்குள் திரும்பிய அதிர்விலேயே படுக்கையறைச் சுவர் சாய்ந்தது. யாரும் கை வைக்கவில்லை. நான் கட்டில் போட நினைத்திருந்த இடத்தில் முழுசாக விழுந்தது.

அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கொன்னிருப்பேன்" என்றார்.

திட்டத்தான் கிட்டே போனேன். ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். லாரி வந்து இடிபாட்டை அள்ளி முடிக்கும்வரை விடவில்லை. விட்டால் அது போய் எதையாவது பூசிவிடும்.