சலவைக்கூடத்தில் ஒரு இடம், ரெண்டு பேர்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நான்தான் மேற்பார்வை. பதினெட்டு வருஷமாச்சு. துணியைப் பார்த்தா எந்த வார்டுன்னு சொல்லிடுவேன். மனுஷங்களைப் பார்த்துச் சொல்லத்தான் வரல, போங்க!

ஒரே இடம் காலி. மேலிடத்துல ரெண்டு பொம்பளைங்களை அனுப்பி, "ஆறு வாரம் பாருங்க, ஒருத்தரை வெச்சுக்குங்க"ன்னுட்டாங்க. ஒருத்தி வாயைத் திறந்தா மூடமாட்டா; மதியச் சாப்பாட்டுக்குள்ள அவளுக்கு ரேடியோன்னு பேர் விழுந்தாச்சு. "அக்கா, இது எதுக்கு? இதை அமுக்கினா என்ன ஆகும்?" உயிரை வாங்கிடுவா. ரெண்டே வாரத்துல எல்லா மிஷினும் அவளுக்கு அத்துப்படி.

இன்னொருத்தி ஊமைக்கோட்டான். தனி ஆளா ரெண்டு பிள்ளைங்களை வளர்க்கிறா, இந்த வேலையைத்தான் மலைபோல நம்பியிருக்கான்னு ரேடியோ சொல்லித்தான் எனக்கே தெரியும். டாக்டருங்க அங்கிப் பையில ஊசி, பேனா எல்லாம் கிடக்கும். உதறிப் பார்த்துட்டுத்தான் மிஷின்ல போடணும். முதல் நாள் இவளை அந்த உதறு மேஜையில நிறுத்தினேன். ஆறு வாரமும் அங்கேயேதான் நின்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கத்துக்கணும்னு ஒரு ஆசை வேண்டாமா?

கடைசி நாள் காலையில ரேடியோ பேரை எழுதி மேலே அனுப்பிட்டேன். ஆனாலும் மனசு உறுத்துச்சு. சாயங்காலம் போய், "ஏம்மா, இஸ்திரி மிஷின் பக்கம் ஒரு நாளாவது எட்டிப் பார்த்தியா?"ன்னு கேட்டேன்.

"நான் சொல்றவரைக்கும் மேஜையை விட்டு நகராதேன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க."

தூக்கிவாரிப் போட்டுச்சு. சொன்னேன்தான். புதுசா வர்ற எல்லாருக்கும் சொல்றதுதான். ஒரு மணி நேரத்துல அவங்களே வந்து, "அடுத்து என்னக்கா?"ன்னு நிப்பாங்க. ரேடியோ பத்தே நிமிஷத்துல வந்துட்டா. இவ என் வார்த்தைக்கு ஆறு வாரம் காத்திருக்கா, கடவுளே!

முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருத்தர் விரல்ல ஊசி குத்திக் கட்டு இருக்கும். இந்த ஆறு வாரத்துல ஒருத்தருக்கும் குத்தல. அதுவும் அப்பத்தான் உறைச்சுது. கேட்காதது அவ குத்தமா, மறந்தது என் குத்தமா? ரேடியோவை வேண்டாம்னு சொல்லவும் வாய் வருமா? ஒண்ணுமே புரியல.

அவ கடைசி அங்கியை உதறிப் போட்டுட்டு, "அக்கா, நாளைக்கு நான் வரணுமா?"ன்னா.

"வா"ன்னுட்டேன். எந்த தைரியத்துல சொன்னேனோ, காகிதம் எப்பவோ மேலே போயாச்சு. அவ சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.