ஒற்றக்கா தேர்வு எழுதுகிறார்

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த தாளில் ‘பழுது பார்க்க படுகிறது, படிகளை பயன்படுத்தவும்’ என்று இருந்தது. ஒற்றக்கா கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, ‘பார்க்க’வுக்குப் பக்கத்தில் ஒரு ‘ப்’, ‘படிகளை’க்குப் பக்கத்தில் இன்னொரு ‘ப்’ சேர்த்தார். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து, சுவரில் படம் மாட்டியவர் கோணல் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளேயிருந்த மெக்கானிக், “வேலை முடிஞ்சிருச்சு மேடம். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுருங்க” என்றார்.

“இப்பத்தானே சரியாச்சு, அதுக்குள்ள எதுக்குக் கிழிக்கணும்?” என்றார் ஒற்றக்கா.

முப்பத்தோரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர் அவர். பாடப்புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள், கம்பெனி காலண்டர் என்று எது வந்தாலும், விட்டுப்போன ஒற்றெழுத்து எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவார். அச்சகத்தில் அதனால் வைத்த பெயர்தான் ஒற்றக்கா. புதிதாகக் கேட்பவர்கள் ஏதோ உளவு வேலை என்று நினைத்துக்கொண்டு அவர் முன்னால் குரலைத் தாழ்த்துவதுண்டு. ஒருமுறை பித்தப்பை அறுவைக்காகப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது கையெழுத்துக்கு நீட்டிய படிவத்தில் ‘மயக்க மருந்து கொடுக்க சம்மதிக்கிறேன்’ என்று இருந்தது. “ஒரு ‘ச்’ போட்டாத்தான் சம்மதிப்பேன்” என்று வண்டியை நிறுத்திவைத்தார். தியேட்டர் வாசலில் டாக்டர் கையுறையோடு காத்திருந்தார்.

அவர் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், சாது. கல்யாணத்துக்கு முன்பு ஆசையாசையாக ஒரு கடிதம் எழுதினாராம். அது எட்டுத் திருத்தங்களோடு திரும்பி வந்தது. “எல்லாருக்கும் பதில் வரும். எனக்கு புரூஃப் வந்துச்சு” என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், அடுத்த தெருப் பள்ளிக்கூடத்து உதவியறை டீச்சர் வீடு தேடி வந்தார். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்காக அந்தப் பள்ளியில் ஓர் அறை இருக்கிறது. அங்கே வருபவர்களுக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை. அச்செழுத்து மட்டும் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே எங்கோ தடுக்கி விழும். வாசிக்க நேரமாகும், எழுத அதைவிட நேரமாகும். அதனால் தேர்வில் அவர்களுக்குத் தனி அறை, ஒரு மணி நேரம் கூடுதல், கேள்வித்தாளை ஹெட்போனில் வாசித்துக் காட்ட ஒரு லேப்டாப். அதோடு, வாயால் சொல்லச் சொல்லப் பதிலை எழுதிக்கொடுக்க ஓர் ஆள்.

“அந்த ஆள் நீங்கதான். கையெழுத்து முத்து மாதிரி இருக்குன்னு சொன்னாங்க” என்றார் டீச்சர்.

ஒற்றக்கா உச்சி குளிர்ந்து தலையாட்டினார். அடுத்த வாக்கியத்தை டீச்சர் அதற்குப் பிறகுதான் சொன்னார். “ஒரே ஒரு விஷயம் மேடம். பிள்ளை சொல்றதைச் சொன்னபடி எழுதணும். தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும். நீங்க கை மட்டும்தான். மூளை அவங்களோடது.”

“தப்பாவேன்னா?”

“தப்பாவே.”

அன்றைக்கு ஒற்றக்காவுக்குச் சோறு இறங்கவில்லை என்று கணவர் சாட்சி சொல்கிறார்.

அவருக்கு ஒதுக்கப்பட்ட பெண் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் முழுக்க ‘ரேடியோ’ என்றால்தான் தெரியும். வாய் மூடாது. எதையும் ஒருமுறை கேட்டால் போதும், நிறுத்தற்குறி உட்பட நினைவில் வைத்திருப்பாள். ஆனால் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னால் நெற்றி வியர்த்துவிடும். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டு வருடம் அவளைச் சோம்பேறி என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு கட்டியிருந்தார்கள், உதவியறை டீச்சர் வரும்வரைக்கும்.

முதல் பயிற்சித் தேர்வில் ரேடியோ தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் வாங்கினாள். டீச்சருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. விசாரித்தார். ரேடியோ எதையும் மறைக்கவில்லை.

“அக்கா ஒண்ணும் சொல்லித்தரல டீச்சர். நான் தப்பாச் சொன்னா அக்கா இருமுவாங்க. ரொம்பத் தப்புன்னா கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாங்க. சரியாச் சொன்னா மூக்கு லேசா விரியும். எனக்கு எழுத்துதான் படிக்க வராது. மூஞ்சி நல்லாப் படிப்பேன்.”

ஒற்றக்கா ஆடிப்போனார். தன் மூக்கு விரியும் என்பதே அவருக்கு ஐம்பத்தொன்பது வயதில்தான் தெரியவந்தது. அடுத்த நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனார். ரேடியோ புருவத்தைப் படித்தாள். நெற்றிவரை துணி கட்டிக்கொண்டு போனார். “காது சிவக்குதுக்கா” என்றாள் ரேடியோ. காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தபோது பதில் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் வீட்டில் பயிற்சி தொடங்கியது. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் கணவர். இந்தப் பக்கம் தாளும் பேனாவும், பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடியும். “ஒரு வாரத்துக்கு எட்டு நாள்” என்பார் கணவர். ஒற்றக்கா எழுதுவார். “சூரியன் மேற்குல உதிக்கும்.” எழுதுவார். முகம் அசையாது. மூன்று வாரத்தில் கல்லாகச் சமைந்துவிட்டார். கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்ல எல்லா முடிவும் நான்தான் எடுக்கறேன்” என்றார். அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. ஆனாலும் ஒரு மனிதர் முப்பது வருடமாகச் சொல்ல நினைத்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டார்; அது எழுத்திலும் ஏறிவிட்டது.

வாய்க்கும் ஒரு கடிவாளம் போட்டார் டீச்சர். எழுதும்போது ஒற்றக்கா சொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட சொல் ஒன்றே ஒன்று: ‘அடுத்து.’ அதையும் இழுக்கக் கூடாது. ‘அடுத்தூ?’ என்று ஒரு மாத்திரை நீட்டினாலே ரேடியோ விழித்துக்கொள்வாள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து இருவரும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். ரேடியோ சுவரில் விரலால் எழுதிக் காட்டினாள். “அக்கா, ‘கே’ன்னு சொல்றேன். முதல்ல எது வருது? ‘க்’. அப்புறம்தானே ‘ஏ’? ஆனா எழுதும்போது ‘ஏ’க்கு உண்டான கொம்பு முன்னாடி வந்து நின்னுக்குது. ‘கோ’ன்னா இன்னும் மோசம். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நடுவுல ‘க’ மாட்டிக்கிட்டு முழிக்குது. இதுல நான் குழம்பினா என் தப்பா, எழுத்தோட தப்பா?”

ஒற்றக்கா சுவரில் அதே இடத்தில் ‘கோ’ என்று தானும் விரலால் எழுதிப் பார்த்தார். லட்சக்கணக்கான பக்கங்களைத் திருத்தியவர், ஒரு கொம்பு எதற்காக முன்னால் வந்து நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் ‘கோ’ என்று பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொதுத்தேர்வு வந்தது. அறிவியல் தாள். தனி அறையில் ரேடியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். லேப்டாப் தன் உலோகக் குரலில் ‘பக்கம் ஒன்று, மொத்தம் எட்டு, திருப்புக’ என்பதையெல்லாம்கூட ஒன்றுவிடாமல் வாசித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு மழையாகக் கொட்டினாள். ஒற்றக்காவின் பேனா பின்னாலேயே ஓடியது. ஒளிச்சேர்க்கை பிரமாதம். அமிலமும் காரமும் இன்னும் பிரமாதம். அறிவியல் தாளில் எழுத்துக்கூட்டல் எழுதுபவர் பொறுப்பு என்பதால் ஒற்றுகளை மட்டும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார். அதில் ஒரு சின்ன ஆறுதல்.

பிறகு இதயம் வந்தது. “இதயத்தோட இடது பக்கம் அசுத்த ரத்தம் இருக்கும். வலது பக்கம் சுத்த ரத்தம் இருக்கும்” என்றாள் ரேடியோ கணீரென்று.

இடமும் வலமும் மாறிவிட்டன. அந்தப் பாடப்புத்தகத்தைப் பதினொரு பதிப்புகள் திருத்தியவர் ஒற்றக்கா. இதயம் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்றுகூடச் சொல்வார். ஐந்து மதிப்பெண் கேள்வி. பேனா ஒரு கணம் நின்றது. மை எடுத்துக்கொள்வதுபோல நின்று, ‘இடது பக்கம் அசுத்த ரத்தம்’ என்று எழுதியது.

“அடுத்து” என்றார், இழுக்காமல்.

அப்போதுதான் மேற்பார்வை அதிகாரி உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு கோப்பு. விடைத்தாளைப் புரட்டினார், முகம் சுருங்கியது.

“பதில் எல்லாம் ரொம்ப அழகா இருக்கே. யாரோட பதில் இது?”

“என்னோடதுதான் சார்” என்ற ரேடியோ அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை தாங்காமல், “அக்கா யாரு தெரியுமா சார்? இந்தப் பாடப்புத்தகத்துக்கே பிழை திருத்தினவங்க!” என்றும் சொல்லிவைத்தாள்.

அதிகாரி கோப்பை மூடினார். “அப்ப இந்தத் தாள் செல்லாது. புத்தகமே தெரிஞ்சவங்க எழுதினா, பதில் யாருதுன்னு எப்படி நம்பறது?”

ரேடியோவின் வாய் முதல்முறையாக மூடியது. ஹெட்போன் கழுத்தில் தொங்க, மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தன் கை சுத்தம் என்று காட்ட ஒற்றக்காவிடம் ஒரே ஓர் ஆதாரம் இருந்தது, அந்தத் தப்பு. ஆனால் அதை இங்கே வாய்விட்டுச் சொன்னால் ரேடியோ காதில் விழும், உடனே திருத்திக்கொள்வாள். சொல்லாவிட்டால் தாளே போய்விடும்.

“சார், விடைத்தாளோட வெளியில வாங்க. கதவைச் சாத்திட்டுப் பேசலாம்” என்றார்.

வராந்தாவில் நின்று அந்தப் பக்கத்தை நீட்டினார். “இதைப் படிங்க.”

அதிகாரி படித்தார். இன்னொருமுறை படித்தார். மெதுவாகத் தன் உள்ளங்கையை நெஞ்சின் இடது பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு வலது பக்கம் வைத்துப் பார்த்தார். “இதுல என்ன?” என்றார்.

“மாத்தி இருக்கு சார்.”

“அதானே. நானும் பார்த்தேன்” என்றார் அதிகாரி. பிறகு, “தெரிஞ்சேதான் எழுதினீங்களா?”

“தெரிஞ்சேதான். வயிறு இன்னும் எரியுது.”

“ஒரு வார்த்தை மாத்திப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?”

“மாத்தினா அது என் பரீட்சை சார். நான் எப்பவோ பாஸ் பண்ணிட்டேன். இது அவ பரீட்சை.”

அதிகாரி கோப்பைத் திறந்து, ‘எழுதுபவரைச் சந்தேகப்பட தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இழந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் கூடுதலாகவும் கொடுத்தார். ஒற்றக்கா நன்றி சொன்னார். போகத் திரும்பினார். முடியவில்லை.

“சார், ‘சந்தேகப்பட’வுக்கு அப்புறம் ஒரு ‘த்’ வரும்.”

அதிகாரி போட்டார்.

முடிவு வந்தபோது அறிவியலில் எழுபத்தெட்டு. டீச்சர் விடைத்தாள் நகலை வாங்கி வாசித்துக் காட்டிய அன்று ரேடியோ போனில் அலறினாள். “அக்கா! இதயத்துல இடது வலது மாத்திச் சொல்லிட்டேனாம்! அஞ்சு மார்க் போச்சு! உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“அடப்பாவி அக்கா! உங்க மூஞ்சி ஒண்ணுமே சொல்லலையே!”

முப்பத்தோரு வருட வேலையில் யாரும் அவருக்கு இப்படி ஒரு பாராட்டு கொடுத்ததில்லை. போனை வைத்துவிட்டுக் கணவரிடம் அதை அப்படியே ஒப்பித்தார். அவர் அதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அன்றைக்குக் கடையைத் தாமதமாகத் திறந்தார்.

ரேடியோவுக்கு ஒலிப்பதிவுப் படிப்பில் சேர ஆசை. கூட வரச் சொல்லி ஒற்றக்காவை அழைத்துப்போனாள். சேர்க்கை அலுவலகத்தில் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், விதி எதுவும் இல்லை என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். ஒற்றக்கா பேனாவை எடுத்தார்.

“நானே எழுதறேன் அக்கா” என்றாள் ரேடியோ.

பையிலிருந்து வாசிப்புப் பேனாவை எடுத்தாள். அச்சு வரியின்மேல் உருட்டினால் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் கருவி அது. ஹெட்போனை மாட்ட மறந்துவிட்டாள். ‘தந்தை அல்லது பாதுகாவலர் பெயர்!’ என்று அது கூவியதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். பிறகு நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பதிக்க ஆரம்பித்தாள். முதல் வரியில் இரண்டு பிழை. மூன்றாவது வரியில் ஒரு கொம்பு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது.

பக்கத்து நாற்காலியில் ஒற்றக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.