தாம்பாளம் அக்காவின் அலமாரி

உலர்ந்த செடிகளைத் தாளில் தைத்துப் பாதுகாக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குத் தாம்பாளம் அக்கா என்று பெயர். தையல் தெரியும் என்பதற்காக வேலைக்கு எடுத்தார்கள். வந்த நாள் முதல், செடி தைத்த தாளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்திப் பிடிக்க அவள் யாரையும் விட்டதில்லை. தாம்பாளம் ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் படுக்கவைத்துத்தான் எடுத்துப்போவாள். கேலிக்கு வைத்த பெயர். அவளோ அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டாள்.

காரணம் இருந்தது. அவள் பொறுப்பிலிருந்த அலமாரியில் எல்லாம் பூக்காத, காய்க்காத செடிகள். பெரணியைப் போலவே வித்துத்தூளால் பெருகுபவை, ஆனால் பெரணி என்று சேர்க்கப்படாதவை. கணுக்கணுவாக நிமிர்ந்து நிற்கும் ஈக்விசிட்டம், பாசிபோல் தரையில் படரும் லைக்கோபோடியம், அதன் பக்கத்திலேயே செலாஜினெல்லா. தாளைச் சாய்த்தால் ஒன்றின் தூள் இன்னொன்றின்மேல் கொட்டிவிடும். பிற்பாடு லென்ஸ் வைத்துப் பார்ப்பவர் இல்லாத உறவை எழுதிவைத்துவிடுவார்.

பெரணி அலமாரிகள் சன்னலோரம் வரிசையாக நின்றன. இவளுடையது மட்டும் கழிப்பறைக் கதவை ஒட்டி நின்றது. அதன் நெற்றியில் 'பெரணியின் உறவுகள்' என்று ஒரு சீட்டு.

"உறவுன்னு வாய் நெறைய சொல்லிட்டு எங்க கொண்டு போய் நிறுத்தியிருக்காங்க பாருங்க!" என்று வீட்டில் பொருமுவாள்.

பேருந்து ஓட்டும் கணவர் சிரிப்பார். "பஸ் நெறைய ஆளை ஏத்திக்கிட்டு நானே சும்மா இருக்கேன். நாலு காஞ்ச குச்சிக்கு நீ இந்த அலட்டு அலட்டுறியே!"

"உங்க ஆளுங்க சாஞ்சா கம்பியைப் புடிச்சுக்குவாங்க. என் ஆளுங்களுக்குக் கையில்லையே!"

அப்புறம்தான் புது வகைப்பாடு வந்து சேர்ந்தது. ஈக்விசிட்டம் பெரணியின் சொந்தக் குடும்பமாம். மற்ற இரண்டும், பெரணியும் பூச்செடிகளும் தோன்றுமுன்னே பிரிந்து தனிக்குடித்தனம் போன மூத்த கிளையாம். ஆகவே 'உறவுகள்' என்ற பொதுவீட்டைக் கலைக்க வேண்டும். அதற்குமுன் ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து, தூள் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். கலந்திருந்தால் அத்தனையும் மூட்டையாகக் கட்டிக் கிடங்குக்குப் போகும்.

அலுவலக மேலாளருக்கு வாயெல்லாம் பல். "பீரோ காலியானா என் ஃபைலுக்கு ஆச்சு."

ஆய்வாளர் வந்தார். கறுப்புத் தாளை விரித்து, ஒவ்வொரு செடித் தாளையும் அதன்மேல் மெல்லத் தட்டினார். லைக்கோபோடியத்திலிருந்து ஒரே சீரான மஞ்சள் மாவு உதிர்ந்தது. அடுத்து செலாஜினெல்லா. மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், பாருங்க! மாவும் மணலுமா ரெண்டு தினுசு. சுத்தக் கலப்படம்!"

கலப்படமில்லை என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் தன் அலமாரிக்குத் தானே சாட்சி சொன்னால் எடுபடுமா? அடுத்த தாளை இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள்.

ஆய்வாளர் லென்ஸை எடுத்து நிதானமாகப் பார்த்தார். "சார், செலாஜினெல்லாவுக்குப் பொறப்புலயே பெருசு சிறுசுன்னு ரெண்டு தினுசுத் தூள் உண்டு. இந்தப் பெருசு லைக்கோபோடியத்துல கெடந்தாத்தான் தப்பு. அங்க ஒண்ணுகூட இல்லை." அலமாரியை மறுபடி ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நாள் பக்கத்துல பக்கத்துல இருந்தும் துளிகூடக் கலக்கலையே! யாரு இதையெல்லாம் எடுத்து வச்சது?"

"நான்தாம்மா!"

அடக்கமாகச் சொல்லவில்லை; கூடம் முழுக்கக் கேட்டது.

அன்று மாலைக்குள் ஈக்விசிட்டம் கட்டுகளைப் பெரணி அலமாரிக்கு அவளே ஏந்திப்போய் வைத்தாள். மேலாளர்கூட நாற்காலியை இழுத்து வழிவிட்டார். மூத்த கிளைக்கு முதலிடம் என்பதால், லைக்கோபோடியமும் செலாஜினெல்லாவும் மிஞ்சிய அவள் அலமாரி வரிசையின் தலைமாட்டுக்கு நகர்ந்தது. கழிப்பறைப் பக்கம் காலியான இடத்தில் மேலாளரின் ஃபைல்கள் குடியேறின.

வீட்டில் கணவர் சாப்பிடாமல் காத்திருந்தார். "என்ன ஆச்சு? கிடங்கா?"

"வரிசையில முதல் இடம். சன்னலோரம்."

"அடேயப்பா, சன்னல் சீட்டா! சண்டை போட்டு வாங்குனியா?"

"சண்டைக்கு வாயே திறக்கலைங்க," என்று செருப்பைக் கழற்றினாள் தாம்பாளம் அக்கா. "அவங்களாத்தான் எழுந்து குடுத்தாங்க."